நீச்சற்குழுவும் பயிற்றாசிரியரும்

நம் நாட்டில் நீந்தத் தெரிந்தவர்கள் மிகப் பலர். சுரைக்குடுக்கையை முதுகிலே கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கியவர்கள் உண்டு. காய்ந்த வாழைமரத் துண்டைப் பற்றிக்கொண்டு ஏரியில் மிதந்து பழகியவர்கள் உண்டு. மேலே நின்று தாய்மாமன் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, அதன் மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீரைக் குடித்துக் குடித்தே நீச்சல் கற்றவர்களும் உண்டு. இவர்கள் எல்லோரும் நீரை வென்றவர்களே. ஆயினும், நீரில் மூழ்காமல் இருக்கக் கற்பது வேறு. நீரைக் கிழித்துக்கொண்டு விரைந்து செல்லக் கற்பது வேறு. முதலாவது உயிரைக் காக்கும் திறன். இரண்டாவது, பல ஆண்டுகள் முயன்று பெறும் கலை. அந்தக் கலையைச் சிறுவர் சிறுமியருக்குக் கற்பித்து, அவர்களை ஒரு குழுவாக அமைத்து, பந்தயங்களுக்கு அழைத்துச் செல்லும் பயிற்றாசிரியரின் பணியைப் பற்றியே இங்குக் கூற விழைகின்றேன்.

இந்தப் பொருளைப் பேசுவதற்குக் கடலூர் மாவட்டம் மிகவும் பொருத்தமான இடம். தென்பெண்ணையும் கெடிலமும் பாயும் நாடு இது. நெல்லிக்குப்பத்தில் கரும்பாலை இருக்கிறது. பண்ருட்டியில் பலாவும் முந்திரியும் விளைகின்றன. சற்றுத் தெற்கே சென்றால் நெய்வேலி நகரம். 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பெற்றது. 1957ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரதமர் ஜவஹர்லால் நேரு அங்கே சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. அந்நிலக்கரிப் படிவத்தின் கீழே ஊற்றுநீர் மிகுந்த அழுத்தத்தோடு நிற்கின்றது. இரவு பகலாக அந்நீரை இறைத்து அழுத்தத்தைத் தணித்தாலன்றிச் சுரங்கத்தில் வேலை நடவாது. ஆகவே நெய்வேலி நிலக்கரியின் ஊர் மட்டுமன்று. நீரோடு ஓயாமல் போராடும் ஊருமாகும்.

அந்த நகரத்தில் வளர்ந்தவர்தாம் சாஜன் பிரகாஷ். கேரளத்து இடுக்கியில் 1993ஆம் ஆண்டு பிறந்த இவருடைய அன்னையார் முன்னாள் ஓட்ட வீராங்கனை. நெய்வேலி நிறுவனத்தில் பணிபுரிந்தவர். அன்னையாரோடு நெய்வேலியில் வாழ்ந்த சிறுவன் அங்கேயே நீந்தக் கற்றான். பின்னர்ப் பெங்களூர் சென்று, துரோணாச்சாரியர் விருது பெற்ற பிரதீப்குமாரிடம் பயின்றான். 2015ஆம் ஆண்டு கேரளத்தில் நடைபெற்ற தேசிய விளையாட்டுப் போட்டிகளில் ஆறு பொற்பதக்கங்களையும் மூன்று வெள்ளிப் பதக்கங்களையும் பெற்றான். 2016இல் ரியோ ஒலிம்பிக்கிற்கும் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கிற்கும் சென்றான். சுரங்க நகரத்துச் சிறுவன் ஒருவன் உலகப் பந்தயத்தின் வாயிலில் சென்று நின்ற இந்த வரலாற்றில், பயிற்சி என்பது யாது என்பதை நாம் தெளிவாகக் காணலாம்.

ரியோவில் 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை அவர் 1 நிமிடம் 59.37 விநாடியில் முடித்தார். ஐந்தாண்டுகளுக்குப் பின்னர், 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ரோமாபுரியில் அதே தூரத்தை 1 நிமிடம் 56.38 விநாடியில் கடந்தார். ஒலிம்பிக்கிற்கு நேரடியாகத் தகுதி பெறுவதற்கு வகுக்கப்பட்டிருந்த எல்லை 1 நிமிடம் 56.48 விநாடி. இந்திய நீச்சல் வீரர் ஒருவர் அந்த 'ஏ' எல்லையைத் தாண்டியது அதுவே முதன்முறை. சில நாட்களுக்குள் பெங்களூரைச் சேர்ந்த ஸ்ரீஹரி நடராஜும் மல்லாந்த நீச்சலில் அவ்வெல்லையைத் தாண்டினார்.

இந்த எண்களைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஐந்தாண்டு உழைப்பின் பயன் மூன்று விநாடிக்கும் ஒரு நூலிழை குறைவு. தகுதி எல்லையைத் தாண்டிய அளவோ ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. அவர் சென்ற வேகத்தில் அந்தப் பத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் கடக்கும் தூரம் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். அதாவது ஒரு சாணுக்கும் குறைவு. ஒரு சாண் தூரத்திற்காக ஐந்தாண்டுகள் உழைக்க வேண்டியிருக்கிறது. அந்த ஒரு சாணை எங்கிருந்து பெறுவது என்று அறிந்தவரே பயிற்றாசிரியர்.

அதை அறிய முதலில் நீரின் இயல்பை அறிதல் வேண்டும். நீர் காற்றைவிட ஏறத்தாழ எண்ணூறு மடங்கு செறிவுடையது. நிலத்தில் ஓடுபவன் காற்றைப் பிளந்துகொண்டு ஓடுவதை உணர்வதேயில்லை. நீரிலோ ஒவ்வோர் அங்குலமும் தடைதான். வேகம் இருமடங்கானால் தடை நான்கு மடங்காகிறது. ஆதலால், வலிமையைக் கூட்டி வேகத்தைப் பெருக்க முயல்வது செலவு மிகுந்த வழி. தடையைக் குறைத்து வேகத்தைப் பெறுவது சிக்கனமான வழி. அனுபவமில்லாதவர்கள் மாணவனைப் பார்த்து, 'இன்னும் பலமாக அடி' என்று கூவுவார்கள். அனுபவமுடைய ஆசிரியர், 'தலையைத் தாழ்த்து. இடுப்பு மேலே வரட்டும்' என்று மெல்லச் சொல்வார்.

தலைக்கும் இடுப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நீரில் கிடக்கும் உடல் தராசுக் கோலைப் போன்றது. காற்று நிறைந்த நுரையீரல் மார்பை மிதக்கச் செய்கிறது. தசையும் எலும்பும் நிறைந்த கால்கள் தாழ முயல்கின்றன. தலையை உயர்த்தினால் கால்கள் இன்னும் தாழும். கால்கள் தாழ்ந்தால், கத்தியைப் போல நீரைக் கிழிக்க வேண்டிய உடல், பலகையைப் போல் நீரை எதிர்த்து நிற்கும். எனவே முதல் சில மாதங்களில் குழந்தைகளுக்கு வேகம் கற்பித்தல் கூடாது. சுவரை உதைத்து, கைகளை நீட்டி, அம்பு போல் நேராகச் சறுக்கிச் செல்வதையும், நீருக்குள் மூச்சை விட்டு மேலே மூச்சை இழுப்பதையும் மட்டுமே கற்பித்தல் வேண்டும். நீருக்குள் மூச்சை விடாமல் அடக்கி வைத்திருந்து, தலையைத் திருப்பியவுடன் விடவும் இழுக்கவும் முயலும் குழந்தை, நான்கு கைவீச்சுக்குள் களைத்துவிடும். அந்தக் களைப்பு வலிமைக் குறைவால் வந்ததன்று. மூச்சின் ஒழுங்கின்மையால் வந்தது.

அடிப்படை அமைந்தபின் நால்வகை நீச்சல்கள் வருகின்றன. ஃப்ரீஸ்டைல் என்று யாவரும் சொல்லும் கட்டற்ற நீச்சலில், உடல் ஒருபுறமும் மறுபுறமும் உருண்டு, கைகள் மாறி மாறி நீரைப் பின்னோக்கித் தள்ளுகின்றன. மல்லாந்த நீச்சலில் வானத்தை நோக்கியபடி பின்புறமாகச் செல்ல வேண்டும். மார்பு நீச்சல் நம் சிற்றூர்ப் பிள்ளைகள் தவளை நீச்சல் என்று அழைப்பதன் திருத்திய வடிவமாகும். வண்ணத்துப்பூச்சி நீச்சல் இந்த மார்பு நீச்சலிலிருந்து 1930களில் கிளைத்தது. கைகளை நீருக்கு மேலே வீசினால் விரைவு மிகும் என்று கண்டவர்கள் பழைய விதியின் வரம்புக்குள்ளேயே அதனைக் கையாண்டார்கள். பின்னர் இரண்டும் பிரிக்கப்பட்டு, 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் வண்ணத்துப்பூச்சி நீச்சல் தனிப் பந்தயமாயிற்று. நான்கினுள் உடலை மிகவும் வருத்துவது இதுவே. நெய்வேலிச் சிறுவன் தேர்ந்துகொண்டதும் இதுவே.

நீச்சல் வகைகளைக் கற்பிக்கும்போதே விதிகளையும் கற்பித்துவிட வேண்டும். மார்பு நீச்சலிலும் வண்ணத்துப்பூச்சி நீச்சலிலும் இரு கைகளாலும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். ஒரு கை முந்திவிட்டால், வென்றவனும் போட்டியிலிருந்து நீக்கப்படுவான். மார்பு நீச்சல் தவிர்ந்த மற்ற மூன்று நீச்சல்களிலும், புறப்பட்ட பின்னும் திரும்பிய பின்னும் 15 மீட்டருக்குள் தலை நீருக்கு மேலே வந்துவிட வேண்டும். மல்லாந்து நீந்துபவனுக்குச் சுவர் கண்ணுக்குத் தெரியாது; ஆகவே சுவருக்கு 5 மீட்டர் முன்னே குளத்திற்குக் குறுக்காகக் கொடிகள் கட்டப்பட்டிருக்கும். கொடியைக் கண்டதும் எத்தனை கைவீச்சில் சுவர் வரும் என்பதை ஒவ்வொரு மாணவனும் எண்ணி மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஒலி எழுமுன் அசைந்தால், இரண்டாம் வாய்ப்பு இல்லை. பல மாத உழைப்பை ஒரு கணத்தில் இழந்து கண்ணீர் விடும் குழந்தைகள் ஒவ்வொரு பந்தயத்திலும் உண்டு. அந்தக் கண்ணீரில் பெரும்பகுதி, பயிற்சி நாட்களிலேயே துடைக்கக் கூடியது.

இனிப் பயிற்சியின் அளவைப் பற்றிச் சிறிது கூறுவோம். 'நாள்தோறும் இத்தனை கிலோமீட்டர் நீந்து' என்று கட்டளையிடுவது எளிது. ஆனால் நீண்ட தூரத்தை மெதுவாக நீந்திக்கொண்டே இருப்பவன், மெதுவாக நீந்துவதிலேயே தேர்ச்சி பெறுகிறான். ஆகவே பெரிய தூரத்தைச் சிறு கூறுகளாக்கி, இடையிடையே ஓய்வு கொடுப்பது வழக்கம். எடுத்துக்காட்டாக, 50 மீட்டரைப் பத்து முறை நீந்தச் சொல்லி, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்திற்கு ஒருமுறை புறப்பட வேண்டும் என்று வகுக்கலாம். 45 விநாடியில் முடிப்பவனுக்கு 15 விநாடி ஓய்வு கிடைக்கும். முதல் முறையை 38 விநாடியில் முடித்துவிட்டுப் பத்தாம் முறையை 55 விநாடியில் முடிப்பவன் ஆற்றலைப் பங்கிடத் தெரியாதவன். பத்து முறையும் 45 விநாடியில் முடிப்பவன் பந்தயத்திற்குத் தகுதியாகி வருகிறான். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்னும் பழமொழியில், அடிகள் சமமாக விழ வேண்டும் என்ற பொருளும் அடங்கியிருக்கிறது.

உடல் எவ்வளவு உழைத்தது என்பதை அறிய விலை மிகுந்த கருவி தேவையில்லை. கழுத்தில் இரு விரல்களை வைத்து, 10 விநாடிகளுக்கு நாடித்துடிப்பை எண்ணி, ஆறால் பெருக்கினால் போதும். இதைக் காட்டிலும் முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. காலையில் படுக்கையிலிருந்து எழுமுன் துடிப்பை எண்ணி ஒரு குறிப்பேட்டில் எழுதிவரும்படி மாணவர்களைப் பழக்க வேண்டும். வழக்கத்தைவிட அது நாள்தோறும் மிகுந்து காணப்பட்டால், முந்திய பயிற்சியின் களைப்பு இன்னும் நீங்கவில்லை என்றோ, காய்ச்சல் தொடங்குகிறது என்றோ கொள்ளலாம். அன்று அந்தப் பிள்ளைக்கு வேண்டுவது கடும் பயிற்சியன்று; ஓய்வேயாகும். தோளில் வலி என்று சொல்லும் மாணவனையும் சோம்பேறி என்று கடிந்துகொள்ளல் ஆகாது. ஆயிரக்கணக்கான முறை ஒரே வகையில் சுழலும் தோள்மூட்டு, தவறான கைவீச்சினால் விரைவில் புண்படும். வலியைப் பொறுத்துக்கொண்டு நீந்தச் சொல்வது வீரத்தைக் கற்பிப்பதாகாது. பதினான்கு வயதில் கெட்ட தோள், இருபது வயதில் மீண்டும் கிடைப்பது அரிது.

ஒரு குழுவிலே பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால், அவர்கள் உண்மையில் ஒரே வயதினர் அல்லர். பெண்குழந்தைகள் பெரும்பாலும் பன்னிரண்டு வயதை ஒட்டியும், ஆண்பிள்ளைகள் பதினான்கு வயதை ஒட்டியும் மிக விரைவாக வளர்கின்றனர். இதிலும் ஓரிரண்டு ஆண்டுகள் முன்பின்னாக இருக்கும். முன்னதாக வளர்ந்த சிறுவன் நீண்ட கைகளாலேயே வென்று விடுவான். அவனைப் பெரிய வீரன் என்று கொண்டாடுவோம். பின்னர் வளரப்போகும் சிறுவன் நல்ல நுட்பத்தோடு நீந்தியும் ஐந்தாவதாக வருவான். அவனைக் கவனியாது விடுவோம். மூன்று ஆண்டுகள் கழித்து இருவரும் ஒரே உயரம் அடையும்போது, முதல்வன் நுட்பம் கற்காமலே நின்றிருப்பான். ஐந்தாமவன் குளத்தைவிட்டே போயிருப்பான். இருவரையும் இழப்பது நாம்தாம். எனவே சிறு வயதில் கடிகாரம் காட்டும் முடிவைக்கொண்டு பிள்ளைகளைத் தரம் பிரித்தல் தகாது. எத்தனை கைவீச்சில் ஒரு குளத்தைக் கடக்கிறான், சுவரில் எவ்வாறு திரும்புகிறான், சொன்னதைத் திருத்திக்கொள்கிறானா என்பவற்றைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

இளமையில் மிகப் பெரிய செயலைச் செய்தவர்களும் நம்மிடையே உண்டு. ஈரோட்டில் பிறந்த குற்றாலீசுவரன், 1994ஆம் ஆண்டில், பதின்மூன்று வயது நிறைவதற்கு முன்னரே, பாக்கு நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் நீந்திக் கடந்தார். ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்து, 1966இல் ஐந்து நீர்வழிகளைக் கடந்திருந்த மிகிர் சென் அவர்களின் அரிய செயலையும் விஞ்சினார். அர்ஜுனா விருதும் பெற்றார். ஆயினும் பின்னாளில் நீச்சலை விட்டுக் கல்வியின் பக்கம் திரும்பினார். நெடுங்கடல் நீச்சல் பெரும் பொருட்செலவு உடையது. ஒரு பிள்ளையின் திறன் மலர்வதும் வாடுவதும் அவன் உழைப்பை மட்டும் பொறுத்தவையல்ல. அவனைச் சூழ்ந்துள்ள குடும்பம், பள்ளி, நிறுவனம், அரசு ஆகியவற்றின் துணையையும் பொறுத்தவையாகும்.

இனிக் கூறப்போவது மிகவும் இன்றியமையாதது. நீருக்குள் நெடுநேரம் மூச்சை அடக்கிப் பழகுவதைச் சில பிள்ளைகள் விளையாட்டாகவும், சில ஆசிரியர்கள் பயிற்சியாகவும் எண்ணுகின்றனர். மூழ்குவதற்கு முன்னர்ப் பலமுறை விரைந்து விரைந்து மூச்சு விட்டால் அதிக நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்றும் நம்புகின்றனர். இதில் மறைந்திருக்கும் ஆபத்து பெரிது. மூச்சு விட வேண்டும் என்னும் தவிப்பை நமக்கு உண்டாக்குவது உடலில் சேரும் கரியமிலவாயு; பிராணவாயு குறைவது அன்று. விரைந்து மூச்சு விடும்போது கரியமிலவாயு வெளியேறி விடுகிறது. அதனால் தவிப்பு பிந்தி வருகிறது. தவிப்பு வருமுன்னே பிராணவாயு குறைந்து, மூளை மயங்கி விடுகிறது. நீந்துபவன் கூவுவதுமில்லை, கைகளை வீசுவதுமில்லை. அமைதியாக அடித்தளத்தில் கிடப்பான். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இவ்வாறு இறப்பதுண்டு. எனவே மூச்சை அடக்கும் போட்டியைக் குளத்தில் முற்றிலும் தடைசெய்தல் வேண்டும். பயிற்றாசிரியரின் கண்கள் குறிப்பேட்டிலோ கைப்பேசியிலோ இருக்கலாகா. நீரின் மேலேயே இருக்க வேண்டும். புறப்படும்போது எண்ணிய தலைகளை இடையிலும் எண்ண வேண்டும். முடிவிலும் எண்ண வேண்டும்.

நம் கீழைக் கடற்கரைக்கு உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை இடியும் மின்னலுமாய் வரும். இடியோசை கேட்டவுடன் திறந்தவெளிக் குளத்தினின்றும் எல்லோரையும் வெளியேற்றிவிட வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழிந்த பின்னரே மீண்டும் இறங்க வேண்டும். நாளை பந்தயம் என்பதற்காக இவ்விதியைத் தளர்த்துதல் கூடாது.

குளத்து நீரின் தூய்மையும் பயிற்சியின் ஒரு பகுதியே. நீந்தியபின் கண்கள் சிவந்தால் குளோரின் மிகுந்துவிட்டது என்று பலர் கருதுகின்றனர். பெரும்பாலும் அது குளோரின் மிகுதியால் நேர்வதன்று. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து உண்டாக்கும் கூட்டுப்பொருள்களால் நேர்வது. நீரில் இறங்குமுன் ஒவ்வொருவரும் நன்றாகக் குளித்துவிட்டு வந்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். கட்டளையாகச் சொன்னால் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். காரணத்தைச் சொன்னால் ஒருவரை ஒருவர் கண்காணித்துக்கொள்வார்கள்.

உணவைப் பற்றிப் பெற்றோர் பலவாறு கேட்பதுண்டு. புட்டிகளில் விற்கும் சத்துப் பொடிகள் பிள்ளைகளுக்கு வேண்டுவதில்லை. விடியற்காலைப் பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழம். பயிற்சி முடிந்ததும் இட்டிலியோ கேழ்வரகுக் கூழோ, உடன் முட்டையோ பயறோ வேர்க்கடலையோ இருந்தால் போதும். நீரில் இருப்பதால் வியர்ப்பது தெரிவதில்லை, ஆனாலும் வியர்க்கிறது. ஆதலால் குடிநீர் நிறைந்த புட்டி ஒன்று குளக்கரையில் இருக்க வேண்டும். இவற்றினும் மேலானது உறக்கம். பதின்மூன்று வயதைக் கடந்த பிள்ளைக்கு எட்டு முதல் பத்து மணிநேர உறக்கம் வேண்டும்; அதனினும் சிறியவர்களுக்கு இன்னும் மிகுதியாக வேண்டும். இரவு பதினொரு மணிவரை பாடம் படிக்க வைத்துவிட்டு, காலை நாலரை மணிக்கு எழுப்பிக் குளத்திற்கு அழைத்து வந்தால், பாடமும் மனத்தில் நில்லாது. பயிற்சியும் உடலில் ஒட்டாது. தேர்வு நாட்களில் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளும் உரிமையை ஆசிரியர் தாமே முன்வந்து கொடுத்தல் வேண்டும். அவ்வாறு கொடுப்பவரிடம் தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் தாமே திரும்பி வருவார்கள்.

கண்டிப்பு வேண்டாமா என்று கேட்பவர்கள் இருக்கலாம். ஒழுங்கு வேண்டும், அச்சம் வேண்டா. பிரம்பைக் கையில் ஏந்திக் குளக்கரையில் நடக்கும் காலம் மறைய வேண்டும். அஞ்சி நீந்துபவனின் தசைகள் இறுகுகின்றன. இறுகிய தசை நீரில் எளிதாக இயங்குவதில்லை. இது இயற்கையின் தீர்ப்பு. வளரும் பெண்பிள்ளையின் உடல் எடையைப் பிறர் கேட்கச் சொல்லுதல் பெருந்தீங்கு. பருவமடைந்தபின் குளத்திற்கு வர நாணி நின்றுவிடும் சிறுமியர் பலர். அவர்களுக்கு உடைமாற்றத் தக்க அறையும், நம்பிப் பேசத்தக்க பெண் ஆசிரியர் ஒருவரும் இருந்தால் பெரும்பாலோர் நிற்கமாட்டார்கள். பயிற்சி நடைபெறும் வேளையில் பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று கதவைத் திறந்து வைத்திருப்பதே நல்ல பயிற்றாசிரியரின் அடையாளம்.

ஆனால் பெற்றோர் கரையில் நின்று தாமும் பயிற்சியளிக்கத் தொடங்கலாகாது. ஒருவர் 'கையை வேகமாக வீசு' என்பார். மற்றொருவர் 'நீளமாக வீசு' என்பார். பிள்ளை யார் சொல்லைக் கேட்பது? வீட்டிலே அன்னையும் தந்தையும் கேட்க வேண்டிய கேள்வி, 'யாரை வென்றாய்?' என்பதன்று, 'இன்று எதைக் கற்றாய்?' என்பதே.

பந்தய நாளுக்கு இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு முன்னர்ப் பயிற்சியின் தூரத்தைப் படிப்படியாகக் குறைத்துவர வேண்டும். விரைவை மட்டும் குறைத்தல் ஆகாது. பல மாதங்கள் உழைத்துத் தேய்ந்த தசைகள் இந்த நாட்களிலேதான் தம்மைச் செப்பனிட்டுக்கொண்டு புதிய வலிமை பெறுகின்றன. இதை அறியாதவர்கள் கடைசி வாரத்தில் பயிற்சியை இருமடங்காக்கி, களைத்த பிள்ளைகளைப் பந்தயத்திற்கு அழைத்துச் செல்வார்கள். அறுவடைக்கு முதல்நாள் எருவிட்டுப் பயன் என்ன? பந்தயத்தன்று புதிய உணவும் வேண்டா. புதிய அறிவுரையும் வேண்டா. பதறாத காரியம் சிதறாது. முதல் பாதியில் ஆற்றலைச் சற்றே அடக்கி வைத்து, பிற்பாதியில் அதனைச் செலவிடுக என்ற ஒரே சொல் போதும். அதையும் ஆண்டு முழுவதும் சொல்லிப் பழக்கியிருக்க வேண்டும்.

சாஜன் பிரகாஷின் வரலாற்றில் மற்றொரு பாடமும் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கிற்கு முந்திய காலத்தில் தாய்லாந்தில் பயின்றுகொண்டிருந்தபோது, 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றினால் குளங்கள் மூடப்பட்டன. கழுத்தெலும்பு வட்டு விலகியதால் கையும் சரிவர இயங்காது துன்புற்றார். பின்னர்த் துபாய் சென்று, தம் பழைய ஆசிரியர் பிரதீப்குமாரிடம் மீண்டும் முதலிலிருந்து தொடங்குபவரைப் போலப் பயின்றே, ரோமாபுரியில் அந்த ஒரு சாண் தூரத்தை வென்றார். டோக்கியோவில் அவர் இறுதிப் பந்தயத்தை எட்டவில்லை. அதனால் அவர் முயற்சி குறைந்துவிடுமா? அவர் திறந்துவிட்ட வழியே இனி வருபவர்கள், அந்த எல்லை இந்தியருக்கு எட்டாதது என்று சொல்ல முடியாது.

ஆயினும் ஒரு குழுவில் முப்பது பிள்ளைகள் இருந்தால், ஒலிம்பிக்கிற்குச் செல்பவர் ஒருவரும் இல்லாமலே போகலாம். மாவட்டப் பந்தயத்தில் பரிசு பெறுபவர்களே நால்வராகவோ ஐவராகவோ இருப்பர். எஞ்சியவர்களுக்காகப் பயிற்றாசிரியர் என்ன செய்தார் என்பதே அவர் பணியின் உரைகல். உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் முப்பது வயதை எட்டாதவர்கள். ஆறும் ஏரியும் வாய்க்காலும் நிறைந்த நம் மாவட்டத்திலும், விடுமுறை நாட்களில் இத்தகைய செய்தி வராத ஆண்டு இல்லை. முப்பது பிள்ளைகளும் நன்றாக நீந்தவும், நீரின் ஆபத்தை அறியவும், மூழ்குபவனைக் கண்டால் தாமும் குதித்து மாளாமல் கயிறோ கழியோ நீட்டிக் கரையேற்றவும் கற்றுக்கொண்டால், அந்தக் குழு வென்ற பதக்கங்கள் எத்தனை என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

நீச்சற்குளம் நிறுவன நகரங்களிலும் பெருநகரங்களிலுமே பெரும்பாலும் இருக்கின்றது. கரும்பு வெட்டும் உழவரின் மகளும் முந்திரித் தோப்பில் உழைப்பவரின் மகனும் அங்கே நுழைவதற்கு வழி வேண்டும். குளம் உள்ள ஊர்கள் கோடை விடுமுறையில் அண்டைக் கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரத்தில் சில மணிநேரமாவது கதவைத் திறந்துவிடலாம். பேருந்துக் கட்டணத்தையும் ஒரு நீச்சலுடையையும் ஊர்ப் பெரியவர்கள் ஏற்றுக்கொள்ளலாம். குழுவில் மூத்த மாணவர்களே அவர்களுக்கு முதற்பாடம் கற்பிக்கலாம். கற்பிப்பதால் கற்பிப்பவரின் நீச்சலும் திருந்தும். கெடிலத்தின் கரையில் விளையாடும் சிறுவர்களுள் எவன் விரைவில் வல்லவன், எவள் பொறுமையில் வல்லவள் என்பதை நீரில் இறக்கிப் பார்த்தாலன்றி ஒருவரும் அறிய இயலாது. அவர்களைப் பாதுகாப்பாக நீரில் இறக்குவதும், இறங்கிய அத்தனை பேரையும் எண்ணிக் கரையேற்றுவதும் பயிற்றாசிரியரின் முதற்கடமையாகும். விரைவும் வெற்றியும் அதன்பின் வரும்.